ஷிராஸில் மிளகு எங்கிருந்து வந்தது?

ஒயினைச் சுவைத்துக் குறிப்பெழுதுகிறவர்கள் ஆஸ்திரேலிய ஷிராஸில் மிளகு மணக்கிறது என்பார்கள். நியூசிலாந்தின் சோவினியோன் பிளாங்கில் குடைமிளகாய். ஜெர்மனியின் வயதான ரீஸ்லிங்கில் பெட்ரோல்! இவற்றில் எதையும் யாரும் புட்டிக்குள் போடவில்லை. உள்ளே இருப்பது புளித்த திராட்சைச் சாறுதான். அப்படியானால் இந்த வர்ணனையெல்லாம் வெறும் பாவனையா? இல்லை. மிளகு என்று எழுதியவரின் கோப்பையில், மிளகை மணக்கச் செய்யும் அதே மூலக்கூறு இருக்கிறது.

இதைச் சொல்வது நாக்கு அல்ல. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சுவைகளோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வாயில் இருக்கும் ஒயின் உடல் சூட்டில் ஆவியாகி, தொண்டையின் பின்பக்கமாக மேலேறி நாசிக்குள் நுழைகிறது. இதற்குப் பின்வழி நுகர்வு என்று பெயர். அங்கே சுமார் 400 வகை மண வாங்கிகள் காத்திருக்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதாவது ஒரு பழச்சாற்றைக் குடித்துப் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் தெரியும், என்ன பழம் என்பது தெரியாது. விரலை எடுத்த மறுகணம் பழம் தன் பெயரைச் சொல்லிவிடும்.

சோவினியோன் பிளாங்கின் குடைமிளகாய் மணத்துக்குக் காரணம் மெத்தாக்சிபைரசின் வகைச் சேர்மம் ஒன்று. நாம் நறுக்கும் பச்சைக் குடைமிளகாயில் இருப்பதும் அதேதான். ஒரு மணத்தை மூக்கு கண்டுகொள்ளத் தேவையான மிகக் குறைந்த அளவை உணர்வரம்பு என்போம். தண்ணீரில் இந்தச் சேர்மத்தின் உணர்வரம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 2 நானோகிராம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நூறாக உடைத்து, அதில் ஒரே ஒரு துணுக்கை 10,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 250க்கும் பங்கிட்டுக் கரைத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான். அதையும் மூக்கு பிடித்துவிடுகிறது. வெயில் பட்டால் காயில் இந்தச் சேர்மம் குறையும். எனவே, குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டே தோட்டக்காரர் குடைமிளகாய் மணத்தைக் குறைத்துவிடுகிறார். ரீஸ்லிங்கின் பெட்ரோல் இதற்கு நேர் எதிர். வெயில் நன்றாகப் பட்ட பழத்தில்தான் அதற்கான மூலப்பொருள் கூடுகிறது. புட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்ல உடைந்து மணமாகிறது.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட மிளகின் கதைதான் ருசியானது. ஷிராஸில் மிளகு மணக்கிறது என்று பலகாலமாகச் சொல்லி வந்தார்கள், எதனால் என்பது மட்டும் பிடிபடவில்லை. தேடலில் உதவியது வாயுநிறப்பிரிகை என்ற கருவி. கலவையில் இருக்கும் சேர்மங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும். அதன் முனையில் ஒருவர் மூக்கை வைத்து உட்கார்ந்து, வருவதை முகர்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். கருவிக்குத் தட்டுப்படாத அளவும் மூக்குக்குத் தட்டுப்படும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2008இல் விடையை வெளியிட்டார்கள்: ரோட்டண்டோன். மிளகிலேயே தேடிப் பார்த்தபோது, மிளகு மணம் மிகுந்த ஒயினில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு இருந்தது. நூற்றாண்டுகளாக உலகமே வாங்கி அரைத்த ஒரு சரக்கின் மணத்துக்கு முக்கியமான காரணம், ஒயினைத் துருவியபோதுதான் தெரிய வந்தது! இந்தச் சேர்மம் அதற்கு வெகுகாலம் முன்பே, நாம் குளியல் பொடியில் சேர்க்கிற கோரைக்கிழங்கில் கண்டறியப்பட்டிருந்தது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் வேறு பொருள். அது ஷிராஸில் கிடையாது. அதனால்தான் அங்கே மிளகு மணக்கிறது, உறைப்பதில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீரில் லிட்டருக்கு 8 நானோகிராம் இருந்தாலே பலருக்கு ரோட்டண்டோன் மணக்கும். ஆனால் சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 4,000 நானோகிராமிலும் ஒன்றுமே மணக்கவில்லை. ஒரே புட்டியிலிருந்து ஊற்றிக் குடிக்கும் இருவரில் ஒருவர் மிளகு என்றும் மற்றவர் அப்படி எதுவுமில்லை என்றும் எழுதினால், இருவருமே உண்மையைத்தான் எழுதுகிறார்கள். ஒரே மிளகு ரசமும் அவர்கள் இருவருக்கும் ஒரே மாதிரி மணக்காது.

சில மணங்கள் பழத்தில் பூட்டிக் கிடக்கின்றன. சோவினியோன் பிளாங்க் ஒயினில் தாட்பூட் பழ மணம் வீசும், பிழிந்த சாற்றிலோ அது அவ்வளவாகத் தெரியாது. அந்த மணத்துக்குரிய கந்தகச் சேர்மம் அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கிறது. புளிக்கும்போது ஈஸ்ட் அந்தப் பிணைப்பை அறுத்துவிட, மணம் வெளியே வருகிறது. மஸ்கட் திராட்சைக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். லினலூல், ரோஜாவிலும் உள்ள ஜெரானியால் ஆகியவை பழத்திலேயே தாராளமாக வீசும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அந்தக் குடும்பத்தின் மஸ்கட் ஹாம்பர்க் ரகம்தான். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாலே போதும்.

கண்ணும் மூக்கின் வேலையில் தலையிடும். பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் ஒரு வெள்ளை ஒயினையும், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய அதே வெள்ளை ஒயினையும் கொடுத்தார்கள். சாயமேற்றியதை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2001இல் வெளிவந்த இந்த முடிவு அவர்களின் திறமைக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கண் தரும் தகவலையும் சேர்த்தே மூளை மணத்தை உருவாக்குகிறது.

நிறத்தை மறைக்க, கறுப்புக் கோப்பையில் ஊற்றித் தரும் வழக்கமும் உண்டு. அப்போது சிவப்பா வெள்ளையா என்று கண்டுபிடிக்கக் கைகொடுப்பது துவர்ப்பு. சிவப்பு ஒயின் தோலோடும் விதையோடும் புளிக்கிறது. அவற்றிலிருந்து இறங்கும் டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்கிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. சுவை என்பதைவிடத் தொடுவுணர்வுக்கே அது நெருக்கம். வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பெரும்பாலும் முதலிலேயே தோலிலிருந்து பிரித்துவிடுவதால் டானின் மிகக் குறைவு. கறுப்புக் கோப்பையைக் கையில் வாங்குகிற அனுபவசாலி, முகர்ந்ததோடு விட்டுவிடாமல் ஒரு வாய் எடுத்துச் சுழற்றி, ஈறுகள் வறள்கின்றனவா என்று பார்க்கிறார்.