கிரிவலப் பாதையில் ரன்னிங்... சென்சார் ஹெட்போன் மாட்டும் முன் இதைக் கவனியுங்கள்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களை தரிசித்தபடி பக்தர்கள் வெறுங்காலுடன் நடக்கும் பாதை இது. பௌர்ணமி கூட்டம் இல்லாத அதிகாலைகளில் வாக்கிங், ஜாகிங் செல்வோருக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. மலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் என்பதால், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம்.

ஓடுபவர்களின் காதில் இருக்கும் ஹெட்போன் பாட்டு மட்டும்தான் பாடும் என்ற காலமும் போய்விட்டது. எத்தனை காலடி, என்ன வேகம், இதயம் எப்படித் துடிக்கிறது என எல்லாவற்றையும் கணக்கெடுக்கும் மாடல்கள் வந்துவிட்டன.

காதுக்குள் எப்படிக் கணக்கு?

டிரைவர் சடன் பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்பவர் முன்னால் சாய்வார் இல்லையா? 'ஆக்ஸிலரோமீட்டர்' எனும் சென்சார் வேலை செய்வதும் அப்படித்தான். சிப்புக்குள் இருக்கும் மிக நுண்ணிய எடை ஒன்று, உடல் அசையும்போதெல்லாம் இம்மியளவு நகரும். அந்த நகர்வு மின் மாற்றமாகப் பதிவாகும். பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தலைவரை ஓர் அதிர்வு ஏறும். அதை எண்ணினால் காலடிக் கணக்கு கிடைத்துவிடும்.

கையில் கட்டும் வாட்ச்சைவிட இதில் ஒரு சௌகரியம் உண்டு. தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடியோ, குழந்தையின் கையைப் பற்றியபடியோ நடந்தால் கை வீச்சு குறையும். வாட்ச் சில அடிகளைத் தவறவிடலாம். தலைக்கு அந்தப் பிரச்னை இல்லை.

2025-ல் வெளியான ஆப்பிள் ஏர்பாட்ஸ் புரோ 3, பீட்ஸ் பவர்பீட்ஸ் புரோ 2 ஆகியவை ஒருபடி மேலே போய், காதின் தோலில் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்து இதயத்துடிப்பையும் சொல்கின்றன. ஆனால் ஏர்பாட்ஸ் புரோ 3-ன் இந்திய அறிமுக விலை 25,900 ரூபாய்!

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

காலடி எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம். தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மோஷன் சென்சார் மட்டும் இருந்தால், காலடியை உத்தேசமான ஓர் அடி நீளத்தால் பெருக்கித்தான் தூரத்தைச் சொல்லும். அதில் 5 சதவிகிதம் பிசகினாலே கிரிவலப் பாதையில் 700 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். சரியான தூரம் வேண்டுமென்றால், மொபைலின் ஜி.பி.எஸ் ஓடட்டும்.

இந்தக் கருவியால் உண்மையில் பயன்தரும் எண், நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதுதான். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓட்ட வீரர்களின் காலடிகளை எண்ணிய பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ், ஏறத்தாழ அனைவருமே 180 அல்லது அதற்கு மேல் அடி வைப்பதைக் கண்டார். அதற்காக எல்லோரும் 180-ஐத் துரத்த வேண்டியதில்லை. அதே வேகத்தில் ஓடும்போது வழக்கத்தைவிட 5 முதல் 10 சதவிகிதம் அதிக அடிகள் வைத்தால், முழங்கால் மீதான சுமை குறைவதாக 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அதாவது, எட்டி எட்டி அடி வைக்காமல் சின்னச் சின்ன அடிகளாக வைத்தால் மூட்டுக்கு நல்லது.

ஹெட்போன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 30 விநாடிகளில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். 40 முறை என்றால் நிமிடத்துக்கு 160 அடி. செலவு பூஜ்யம்!

முதுகுப் பக்கம் வரும் ஆபத்து

கிரிவலத்தில் மலை வலப்பக்கம் இருக்க, சாலையின் இடது ஓரமாகச் செல்வதுதான் வழக்கம். நம் ஊரில் வாகனங்களும் இடதுபுறமாகத்தான் செல்லும். அப்படியென்றால், நம் ஓரத்தில் வரும் ஆட்டோவும் பைக்கும் பின்னாலிருந்துதான் வரும். ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையிலோ பஸ், லாரி போக்குவரத்தும் உண்டு. முதுகில் கண் இல்லாத நமக்குக் காதுதான் ரியர்வியூ மிரர். அதை ரப்பர் முனை வைத்து அடைத்துவிட்டு, வெளிச்சத்தத்தைத் தடுக்கும் 'நாய்ஸ் கேன்சலிங்' வசதியையும் ஆன் செய்து ஓடினால், அந்தக் கண்ணாடியை நாமே உடைத்த மாதிரி.

நமக்கு மட்டுமல்ல, முன்னால் வெறுங்காலுடன் மெதுவாக நடக்கும் பாட்டிக்கும் அது ஆபத்துதான். அவர் 'தம்பி, ஓரமா போப்பா' என்று சொல்வது உங்களுக்குக் கேட்க வேண்டாமா?

வாங்கும்போதும், ஓடும்போதும்...

* காதை அடைக்காத 'ஓப்பன் இயர்' அல்லது எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் 'போன் கண்டக்‌ஷன்' மாடல்கள் சாலைக்கு ஏற்றவை. மற்ற மாடல் என்றால், வெளிச்சத்தம் கேட்கும் 'டிரான்ஸ்பரன்ஸி' வசதியை ஆன் செய்யுங்கள். அதுவும் இல்லையா? ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்.

* 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான். ஹாரன் சத்தத்தை மிஞ்ச வால்யூமை ஏற்றாதீர்கள்.

* ஐ.பி.எக்ஸ் 4 என்று குறிப்பிட்டிருந்தால் வியர்வை, தூறல் தாங்கும். தண்ணீரில் முக்கக் கூடாது. ஓடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

* ஹெட்போன் காட்டும் இதயத்துடிப்பு மருத்துவப் பரிசோதனை ஆகாது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால், திரையில் எந்த எண் இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

* பௌர்ணமி, கார்த்திகை தீப நாள்களில் ஓட்டத்துக்கு லீவு விடுங்கள். லட்சக்கணக்கானோர் நடக்கும் பாதையில் அன்று நடைதான் சரி. ஹெட்போனும் வீட்டிலேயே இருக்கட்டும்!