வேர் அமெரிக்கா, பழம் பிரான்ஸ்

தெற்கு பிரான்சின் ரோன் ஆற்றுப் பகுதியில் 1860களில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868 ஜூலையில் தாவரவியலாளர் பிளான்ஷோன் உள்ளிட்ட மூவர் தோட்டங்களைப் பார்க்க வந்தார்கள். செத்த கொடியைப் பிடுங்கினால் அழுகிய வேர்தான் இருந்தது. பக்கத்தில் பச்சையாக நின்ற கொடியைப் பிடுங்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வேர் நெடுக மஞ்சள் நிறப் பூச்சிகள். லென்ஸ் இல்லாமல் தெளிவாகத் தெரியாத அளவுக்குப் பொடியானவை. சாறு வற்றினால் அடுத்த கொடிக்குப் போய்விடும் என்பதால் செத்த செடியில் தடயமே இல்லை.

பில்லாக்சரா என்ற அந்தப் பூச்சி, அசுவினிக்குத் தூரத்து உறவு. வட அமெரிக்காவிலிருந்து செடிகளோடு கப்பலேறி வந்தது. அங்குள்ள காட்டுத் திராட்சைகள் காலங்காலமாக அதோடு வாழ்ந்தவை. கடிபட்ட இடத்தைத் தக்கை போன்ற அடுக்கால் அடைத்துக்கொள்ளும். ஐரோப்பியக் கொடியின் வேரோ வீங்கி, பூஞ்சை புகுந்து அழுகிவிடும்.

தீர்வு சொல்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு என்றது அரசு. மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு செலுத்தினார்கள். தோட்டங்களை வாரக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். கடைசியில் கைகொடுத்தது ஒட்டுக்கட்டுதல்: அமெரிக்க வேர்ச்செடி, அதன்மேல் பிரெஞ்சுக் குச்சி. பழத்தின் ரகத்தை மேலே உள்ள குச்சிதான் தீர்மானிக்கும். பரிசுப் பணம் மட்டும் யாருக்கும் போகவில்லை.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து, ஆப்புபோல் சீவிய குச்சியைச் செருகி, நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளர்திசு இரண்டிலும் பொருந்தியாக வேண்டும். தடிமன் ஒத்துவராவிட்டால் ஒரு பக்கமாவது சேர வேண்டும். ஒட்டு மண்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். மண் மூடினால் மேல்குச்சி தானே வேர்விடும். அந்த வேரைப் பூச்சி பிடித்தால் ஒட்டுக்கட்டிய செலவெல்லாம் வீண்.

இதோடு கதை முடியவில்லை. சுண்ணாம்பு மண்ணில் நட்ட அமெரிக்க வேர்ச்செடிகள் பல, இலை மஞ்சளித்து நலிந்தன. மாற்று தேடி 1887இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் வியாலா அமெரிக்கா போனார். டெக்சஸ் நாற்றுப் பண்ணைக்காரர் டி.வி. மன்சன், அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் விளையும் பெர்லாண்டியேரி என்ற காட்டுக் கொடியைச் சுட்டிக்காட்டினார். அதன் குச்சி லேசில் வேர்பிடிக்காது. வேறு இனங்களோடு கலந்துதான் பயன்படுத்த முடிந்தது. இன்று உலகில் புழங்கும் வேர்ச்செடிகள் பலவற்றில் அதன் ரத்தம் ஓடுகிறது.

தவறிய இடமும் உண்டு. கலிபோர்னியா நம்பிய ஏஎக்ஸ்ஆர்-1 வேர்ச்செடியின் பெற்றோரில் ஒன்று ஐரோப்பியக் கொடி. விளைச்சல் அமோகம், எதிர்ப்புச் சக்தி அரைகுறை. 1980களில் பில்லாக்சரா திரும்பவே, நாபா பகுதியில் தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி மறுநடவு செய்தார்கள். பிரான்சில் முன்பே கைவிட்ட வேர்ச்செடி அது என்பதுதான் எரிச்சல்.

மன்சன் டெக்சஸ் காட்டில் தேர்ந்தெடுத்த டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி, இன்று மகாராஷ்டிரத் தோட்டங்களில் தாம்சன் சீட்லெஸ் திராட்சையைத் தாங்குகிறது. அங்கே பிரச்சினை பில்லாக்சரா அல்ல, வறட்சியும் உப்பும்தான். ஆனால் டாக்ரிட்ஜில் ஒட்டிய கொடி தறிகெட்டு வளரும். உரமும் கவாத்தும் தவறினால் தழைதான் மிஞ்சும், காய் குறையும்.

ஆகவே திராட்சை ஒட்டுக்கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரையும் கேளுங்கள். அதற்கும் முன்பாக மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.