கல்வட்டத்துக்குள் ஒரு நாற்றங்கால்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, 60 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன ஷெட்லண்ட் தீவுகள். அங்குள்ள மேய்ச்சல் மேடுகளில் சிறு வட்டக் கற்சுவர்கள் கண்ணில் படும். வாசல் கிடையாது, சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. ஆட்டுப்பட்டி என்றுதான் தோன்றும். ஆனால் ஆடு உள்ளே வந்துவிடக் கூடாதென்று கட்டியவை அவை. கேல் கீரைக்கான இந்த நாற்றங்காலை அங்கே 'பிளான்டிகிரப்' என்கிறார்கள்.

முட்டைக்கோஸ், நூல்கோல், காலிஃபிளவர், கேல் எல்லாம் ஒரே தாவர இனம். கோஸ் இறுகி உருளும்வரை காத்திருக்க வேண்டும். கேலில் அடியிலைகளைக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம், நுனி வளர்ந்துகொண்டே போகும். பருவம் குறுகிய ஊருக்கு இது பெரிய வசதி.

ஷெட்லண்டில் ஜூன் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம்; டிசம்பரில் 6 மணி நேரம்கூட இல்லை. கோடைப் பகலிலேயே வெப்பம் 15 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். மரங்கள் அரிது, உப்புக்காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. வசந்தத்தில் விதைத்தால் நாற்று தேறுவதற்குள்ளேயே கோடையில் பாதி போய்விடும். ஆகவே முந்தைய ஆண்டின் கோடைக் கடைசியிலேயே கல்வட்டத்துக்குள் விதைத்துவிடுகிறார்கள். நாற்று குளிர்காலத்தை அங்கே கழிக்கும். வசந்தம் வந்ததும் பிடுங்கி வீட்டுத் தோட்டத்தில் நடுவார்கள். நீண்ட பகல் முழுவதும் அதற்குக் கிடைத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேல் ஈராண்டுப் பயிர். ஓரளவு பருத்த செடி நீண்ட குளிரைக் கண்டால், வசந்தத்தில் இலை விடுவதை விட்டுப் பூக்கத் தொடங்கிவிடும். சின்ன நாற்றுக்கு அந்தக் குளிர் உறைக்காது. ஆகவே சீக்கிரம் விதைப்பதும் தவறு. பரம்பரை விவசாயிகளின் கைக்கணக்கு இங்கேதான் தெரிகிறது.

அறுவடை அடுத்த குளிர்காலத்தில். பனி பட்டால்தான் கேல் இனிக்கும் என்பார்கள், முழு உண்மையில்லை. இனிப்பைத் தருவது உறைபனி அல்ல, நாள்கணக்கில் நீடிக்கும் குளிர். வளர்ச்சி மந்தமானாலும் ஒளிச்சேர்க்கை அடியோடு நிற்பதில்லை. செலவாகாத சர்க்கரை இலையில் தேங்குகிறது. அது செல்சாறு உறையும் வெப்பநிலையைத் தாழ்த்திச் செடியையும் காக்கிறது. மனிதருக்கு மிஞ்சியது ஆடு மாடுகளுக்குத் தீவனம்.

விதைக்கென்று சில செடிகளை விட்டுவைத்தால் மறு வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும். அப்போது அக்கம்பக்கத்தில் கோஸோ புரோக்கோலியோ பூத்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். உள்ளூர் வகையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அவற்றை எட்ட வைக்கிறார்கள்.