வன்குற்றத்தில் பாதிக்கப்பட்ட குடும்பமும் நீதிமன்ற நடைமுறையும்

கொலை, கொலை முயற்சி, அமில வீச்சு, பாலியல் வன்முறை போன்றவை வன்குற்றங்கள் எனப்படும். இவற்றால் பாதிக்கப்பட்ட குடும்பம் உடலும் மனமும் தேற வேண்டிய அதே காலத்தில் வழக்கையும் எதிர்கொள்கிறது. காயம் ஆறும்வரை வழக்கு காத்திருப்பதில்லை. மருத்துவமனைப் படுக்கையில் தரப்படும் வாக்குமூலமே பல நேரங்களில் முதல் தகவல் அறிக்கைக்கு அடிப்படையாகிறது.

உடுமலைப்பேட்டை வழக்கு

குமாரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் சங்கர், 2015 ஜூலையில் பழனியைச் சேர்ந்த கௌசல்யாவைச் சாதி மறுப்புத் திருமணம் செய்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே இருவரும் வெட்டப்பட்டனர். பட்டியல் சாதியைச் சேர்ந்த சங்கர் இறந்தார். தலையில் காயமடைந்த கௌசல்யா உயிர் பிழைத்தார். கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றானது.

கௌசல்யா சிகிச்சைக்குப் பின் சங்கரின் வீட்டிலேயே தங்கினார். தன் பெற்றோரும் குற்றம் சாட்டப்பட்ட இவ்வழக்கில் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவர்களுக்குப் பிணை வழங்குவதையும் எதிர்த்தார்.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவரது தந்தை உட்பட 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஒருவருக்கு ஆயுள் தண்டனையும் இன்னொருவருக்கு 5 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. தாய் உட்பட மூவர் விடுதலையாயினர். 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சதி மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறித் தந்தையை விடுவித்தது. மரண தண்டனை பெற்ற மற்ற ஐவருக்கும் அது 25 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்போடு வழக்கு முடிந்துவிடாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

குடும்பத்துக்குள்ள உரிமைகள்

குற்ற வழக்கை நடத்துவது அரசு. குடும்பம் பெரும்பாலும் சாட்சியாகவே அழைக்கப்படும். எனினும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாதிக்கப்பட்டவர் என்பதில் அவரது காப்பாளரையும் சட்டப்படியான வாரிசையும் சேர்க்கிறது. அதன்படி:

முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். புலனாய்வின் நிலையைக் காவல்துறை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

அரசு வழக்கறிஞருக்கு உதவ, நீதிமன்ற அனுமதியுடன் தங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தலாம்.

குற்றவாளி யாரெனத் தெரியாவிட்டாலும் இழப்பீடு கோரலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு 2 மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்; தேவையெனில் இடைக்கால நிவாரணமும் வழங்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான திட்டம் 2013இல் கொண்டுவரப்பட்டது.

அமில வீச்சு, பாலியல் வன்முறை ஆகியவற்றுக்குத் தனியார் மருத்துவமனைகளும் உடனடியாக இலவச சிகிச்சை அளிக்க வேண்டும்.

எதிரி விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ குடும்பமே மேல்முறையீடு செய்யலாம். தண்டனையின் அளவு போதாது என்ற காரணத்துக்கு மட்டும் இவ்வுரிமை இல்லை.

சாட்சிப் பாதுகாப்பு

வாய்தாக்கள் நீளும்போது மிரட்டல், சமரசப் பேச்சு, வேலையிழப்பு ஆகியவற்றால் சாட்சிகள் பிறழ்வதுண்டு. 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இதற்கானது. மிரட்டலின் அளவை ஆராய்ந்து, காவலர் பாதுகாப்போ, எதிரியை நேரில் பார்க்காமல் சாட்சி சொல்லும் வசதியோ செய்து தரப்படும்.

பட்டாபிராமில் அணுகும் இடங்கள்

பட்டாபிராம் திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடி மாநகராட்சிக்குள் உள்ளது. காவல் பணி 2022இல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தது. இழப்பீட்டுக்கும் இலவச வழக்கறிஞருக்கும் திருவள்ளூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், சிகிச்சைச் சீட்டுகள், மருந்து ரசீதுகள், வாரிசுச் சான்று ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் வைப்பது நல்லது. இழப்பீட்டு மனுவுக்கும் வழக்குக்கும் இவை தேவைப்படும். சாட்சி சொல்ல வேண்டியவருக்கு மனநல ஆலோசனை கிடைக்கச் செய்வதும், நீதிமன்றத்துக்குத் துணையாக ஒருவர் செல்வதும் அதே அளவு முக்கியம்.