சாவியை மாற்றினால் திருடன் ஏமாறுவானா?

"மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுக!" உலகெங்கும் அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நெடுங்காலமாக வழங்கிவந்த கட்டளை இது. கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

இதை ஆராயுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நன்கு அமைக்கப்பட்ட கணிப்பொறி உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதைக் கணித முறையில் அரைத்து, அந்த மாவை மட்டுமே சேமித்து வைக்கிறது. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாதல்லவா? எனவே கோப்பைத் திருடியவன், தனக்குத் தோன்றும் சொற்களை ஒவ்வொன்றாக அதே முறையில் அரைத்துப் பார்க்கிறான். எதனுடைய மாவு ஒத்துப்போகிறதோ அதுவே கடவுச்சொல்!

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் இதைக் கணக்கிட்டு 1979-இல் வெளியிட்டனர். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. அவற்றைக் கொண்டு 1,18,81,376 ஐந்தெழுத்துச் சொற்களை அமைக்கலாம். அவர்கள் எடுத்துக்கொண்ட பழைய முறையில் ஒரு சொல்லை அரைக்க 1.25 மில்லி வினாடி ஆயிற்று. நீங்களே பெருக்கிப் பாருங்கள்: சுமார் நான்கு மணி நேரத்தில் அத்தனையும் முடிந்துவிடும்! ஓர் எழுத்து கூடினால் 107 மணி நேரம் தேவை.

மக்கள் எத்தகைய சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் அவர்கள் விடவில்லை. திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் அகப்படக் கூடியவை. அவை மிகக் குட்டையானவை. அல்லது அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ உள்ளவை. 15 பேர் ஒரே ஓர் எழுத்தை நம்பியிருந்தார்கள். அவர்களுடைய துணிச்சலை என்னென்பது!

'மக்கள் கவனக்குறைவானவர்கள், விதிகளை இறுக்குவோம்' என்று நிர்வாகிகள் முடிவு கட்டினார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆன் ஆடம்சும் ஏஞ்செலா சாசேயும் 1999-இல் இதை மறுத்தார்கள். மனிதரின் நினைவாற்றலுக்கு ஒவ்வாத விதிகளை வகுத்தால் அவர்கள் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைப்பார்கள், குறுக்கு வழி தேடுவார்கள்; குற்றம் அவர்களுடையது மட்டுமன்று என்பது அவர்களது முடிவு.

அந்தக் குறுக்கு வழியை 2010-இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே காட்டிவிட்டார்கள். அங்கும் அப்போது மூன்று மாத விதி இருந்தது. பயன்பாட்டில் இல்லாத சுமார் 7,700 கணக்குகளின் பழைய கடவுச்சொற்களை வரிசையாக ஆராய்ந்தார்கள். பலர் செய்தது என்ன தெரியுமா? 'மல்லிகை1' என்பதை 'மல்லிகை2' ஆக்குவது போன்ற வேலைதான்! கணிப்பொறிக்கு இந்தத் தந்திரங்களைக் கற்பித்து, ஒரு பழைய சொல்லைக் கொடுத்தார்கள். 41 விழுக்காட்டுக் கணக்குகளில் அடுத்த சொல் சில வினாடிகளிலேயே வெளிப்பட்டுவிட்டது. 17 விழுக்காட்டில் ஐந்து ஊகங்கள்கூடத் தேவைப்படவில்லை. திருடன் பழைய சாவியைக் கொண்டே புதிய சாவியைச் செய்துவிடுகிறான்!

2017-இல் அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் தன் வழிகாட்டியைத் திருத்தியது. காரணமின்றி, காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லலாகாது. அது களவுபோனதற்குச் சான்று கிடைத்தால் மாற்றச் செய்ய வேண்டும் என்றது. புதிய சொல்லை, ஏற்கெனவே களவுபோன சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் சொன்னது. முந்தைய வழிகாட்டியின் கடவுச்சொல் பகுதியை எழுதிய பில் பர், தாம் வகுத்த விதிகளில் பலவற்றுக்காக வருந்துவதாக அதே ஆண்டில் செய்தியாளரிடம் கூறினார்.