விடிலி அடுப்பின் கணக்கு

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதற்குள் இருக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. பனை ஏறுவதில் என்ன தொழில்நுட்பம் என்று கேட்பவர்கள் கலயத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கலாம். விரலில் சுண்ணாம்பு ஒட்டும்.

சீவிய பாளையில் சொட்டும் சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். ஈஸ்டும் பாக்டீரியாவும் அதன் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் அமிலமாகவும் மாற்றிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய் அவற்றை அடக்கி வைக்கிறது. கள்ளாக வேண்டியது பயினியாக, அதாவது பதநீராக, நிற்கிறது. சுண்ணாம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாற்றில் அமிலம் ஏறினால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரியும். அப்படிப்பட்ட பாகு சரியாக இறுகாது, கருப்பட்டி கசியும். சுண்ணாம்பு அதையும் தடுக்கிறது. காய்ச்சும் பாத்திரமான தாச்சியில் பயினி பொங்கி வரும்போது நசுக்கிப் போடுகிற ஆமணக்கு முத்தும் இதே ரகம்தான். அதன் எண்ணெய் நுரைக் குமிழ்களின் படலத்தைக் கிழித்துவிடும். பெரிய ஆலைகளில் இதற்கென்றே நுரைநீக்கி என்று தனியாக விலைக்கு வாங்குகிறார்கள்.

உடன்குடிக்குப் பக்கத்தில் குதிரைமொழித் தேரி. இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல், தென்மேற்குக் காற்றில் இடம் மாறும் மேடுகள். பனைக்கு ஆணிவேர் கிடையாது; சல்லிவேர்கள் கற்றையாக இறங்கி மணலைப் பிடித்துக்கொள்கின்றன. பாசனமும் உரமும் கேட்காமல், மண்ணையும் காத்துக்கொண்டு, சுமார் பத்திலிருந்து பன்னிரண்டு விழுக்காடு சர்க்கரை உள்ள சாற்றையும் தருகிற பயிர் இந்த மண்ணுக்கு வேறு எது?

இதைப் பொருளாதாரமாகப் பார்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். நெல் விளைகிற நிலத்தைக் கரும்புக்குக் கொடுக்காமல், தரிசில் நிற்கும் பனையிலிருந்து இனிப்பை எடுக்கலாமே என்பது அவர் வாதம். ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் வளத்தை ஓடும் நீராகவும், எடுக்க எடுக்கக் குறையும் வளத்தைத் தேங்கிய நீராகவும் அவர் பிரித்துப் பார்த்தார். உடன்குடியில் இந்த இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கின்றன: ஒரு பக்கம் பனங்காடு, மறுபக்கம் நிலக்கரியை நம்பி எழுப்பிய 1,320 மெகாவாட் அனல்மின் திட்டம்.

ஆனால் பனங்காட்டைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அடுப்பை மறந்துவிடுவோம். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும் என்று வையுங்கள். சூடேற்றுவதும் ஆவியாக்குவதும் சேர்ந்து ஏறக்குறைய 21 மெகாஜூல். ஒரு கிலோ காய்ந்த விறகில் 15 மெகாஜூல் இருக்கும். வெப்பம் முழுவதும் தாச்சிக்கே போனால் ஒன்றரைக் கிலோ விறகு போதும். திறந்த அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தாலே பெரிது. அப்போது ஏழு கிலோ ஆகிறது. காய்ந்த ஓலையும் மட்டையும் பனையே தருகிறது என்றாலும் அது மட்டும் போதாது, உடைமர விறகும் சேர வேண்டியிருக்கிறது. கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் நின்று துழாவுகிறவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், அந்தப் புகையை மூச்சாக இழுக்கிறார். கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பவர் மிச்சம் பிடிப்பதில் இந்த விறகும் உழைப்பும் அடங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கனடாவில் மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி. அதில் சர்க்கரை சுமார் 2 விழுக்காடுதான். ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் சாறு. அங்கே பலர் முதலில் ஆர்.ஓ. சவ்வின் வழியாகச் சாற்றை அழுத்தி, பெரும்பகுதித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமலே பிரித்துவிடுகிறார்கள். நம் வீட்டுக் குடிநீர் இயந்திரத்தில் இருக்கும் அதே நுட்பம்தான். அப்படியே இங்கே கொண்டுவந்தால் சுண்ணாம்பு சவ்வில் படிந்து அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்பை முன்கூட்டியே நீக்கலாம். அதற்குத் தனி ரசாயனம், தனிப் பாத்திரம், மின்சாரம், கூடவே இயந்திரத்துக்கான கடன்.

அதைவிட, புகைபோக்கி வைத்த மூடிய அடுப்பு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதல் தாச்சிக்கு அடியில் எரிந்த சூடு வெளியேறும் வழியில் இரண்டாவது தாச்சியை வைத்தால், அடுத்து ஊற்றவேண்டிய பயினி அதிலேயே சூடேறிவிடும். கரும்பு வெல்லம் காய்ச்சுகிற இடங்களில் இது பழகிய முறை. ஆனால் பனையேறிகள் பலர் மரத்தைப் பாட்டத்துக்கு எடுத்தவர்கள். பங்குனியில் போடும் விடிலியை ஆடி கழிவதற்குள் பிரித்துவிட்டு, அடுத்த வருடம் வேறு காட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. செங்கல் வைத்துக் கட்டிய அடுப்பு அவர்களோடு கூட வராது. ஆகவே அடுப்பை வடிவமைக்க வருகிற பொறியாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதன் திறன் எத்தனை விழுக்காடு என்பதல்ல. அதைக் கழற்றி மாட்டுவண்டியிலோ மினி லாரியிலோ ஏற்ற முடியுமா என்பதுதான்.