உங்களுக்குத் தெரியுமா? ஹம்பியைக் காப்பது லேசல்ல!

● 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கும் கல்தேர், கர்நாடகத்தில் ஹம்பி விட்டலர் கோயிலில் நிற்கிறது. பெயர்தான் தேர், உண்மையில் அது கருடன் சந்நிதி. ஒரே கல்லில் குடைந்ததும் இல்லை, பல கற்களை இணைத்துக் கட்டியது. முன்னால் நிற்கும் யானைகள் பிற்பாடு கொண்டுவந்து வைத்தவை. யானைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், பழைய குதிரைகளின் பின்னங்காலும் வாலும் தெரியும்.

● அந்தத் தேரின் மேல் ஒரு செங்கல் விமானமும் இருந்தது. 1856-ல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி காகித நெகட்டிவில் எடுத்த படத்தில் அதைப் பார்க்கலாம். 1980-களில் ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் ஜான் கோலிங்ஸ், கிரீன்லா படமெடுத்த அதே இடங்களைத் தேடிப்பிடித்து, அதே கோணத்தில் மறுபடி படம் எடுத்தார். எது போயிற்று, எது மிச்சம் என்பதற்கு இந்த ஜோடிப் படங்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

● அரண்மனை வளாகத்தில் இருக்கும் கறுப்புக் கல் படிக்குளம், 1980-களில் தோண்டும்வரை மண்ணுக்கடியில் கிடந்தது. அதன் கற்களில் எந்தத் திசை, எத்தனையாவது வரிசை என்று குறி வெட்டியிருக்கிறார்கள். வேறிடத்தில் செதுக்கிக் கொண்டுவந்து, குறி பார்த்து அடுக்கியிருக்கிறார்கள்!

● 1565 தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் பேரரசு தோற்றது, அதன் தலைநகரமான ஹம்பி சூறையாடப்பட்டது. அந்தக் காலத்துத் துருத்துக் கால்வாயில் மட்டும் இன்றும் துங்கபத்திரைத் தண்ணீர் ஓடுகிறது. இடிபாடுகளுக்கு நடுவே வாழையும் நெல்லும் விளைகின்றன. என்னைக் கேட்டால், ஹம்பியில் நன்றாகக் காப்பாற்றப்பட்ட சின்னம் இந்தக் கால்வாய்தான். தினமும் யாருக்கோ தேவைப்படுகிறதே!

● 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஹம்பி, 1999-ல் ‘ஆபத்தில் உள்ளவை’ பட்டியலுக்குப் போனது. காரணம், காப்புப் பகுதிக்குள் கட்டத் தொடங்கிய தொங்கு பாலங்கள். 2006-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. அந்தப் பாலங்களில் ஒன்றான ஆனெகுந்திப் பாலமோ வேலை முடியுமுன்பே 2009 ஜனவரியில் இடிந்து ஆற்றில் விழுந்து, தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது.

● விரூபாட்சர் கோயில் எதிரே நீளும் தேர்வீதியின் இருபக்கமும் விஜயநகரக் காலத்துக் கல்மண்டபங்கள். அவற்றின் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, கடை போட்டு, குடித்தனமும் நடத்தி வந்தார்கள் ஜனங்கள். 2011 ஜூலையில் புல்டோசர் வந்தது. ஆக்கிரமிப்பு என்றது அரசு. பிழைப்பு என்றார்கள் அவர்கள். சட்டம் அரசின் பக்கம்தான், தூண்களுக்கும் நல்லதுதான். ஆனால் போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்து எழுதிவைத்த ஹம்பி, சந்தையும் சனக்கூட்டமுமாக இருந்த ஊர். கடைத்தெருவைக் காலி செய்துவிட்டு அதைப் பழைய ஹம்பி என்று காட்டுவது எனக்கு என்னவோ ஒட்டவில்லை. ஆள் இல்லாவிட்டாலும் கல்லுக்குக் கவனிப்பு வேண்டும்: 2024 மே மாத மழையில் இதே மண்டப வரிசையின் ஒரு பகுதி சரிந்தது.

● 2019-ல் சில இளைஞர்கள் ஹம்பியில் ஒரு கல்தூணைத் தள்ளிவிடும் வீடியோ பரவியது. பிடிபட்ட நால்வருக்கும் நீதிமன்றம் தலா 70,000 ரூபாய் அபராதம் போட்டதோடு விடவில்லை, அதே தூணை அவர்கள் கையாலேயே தூக்கி நிறுத்தவும் வைத்தது. வெறும் சிறைத் தண்டனையைவிட இது மேல்.

● உதயகிரிக் கோட்டையை வென்ற கிருஷ்ணதேவராயர் அங்கிருந்து பாலகிருஷ்ணன் சிலையைக் கொண்டுவந்தார். அதற்காகவே ஹம்பியில் கிருஷ்ணர் கோயில் கட்டினார். கோயில் அங்கே இருக்கிறது, அந்தப் பாலகிருஷ்ணன் அங்கே இல்லை. அவனைப் பார்க்க சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.